இருபத்து நான்கு மணி நேரத்துக்குள்

இரண்டாவது ஈமெயில் கடிதமும் முதல் கடிதத்தைப் போலவே இருந்தது. அதே நீலத் தலைப்பு, அதே தோணிப் படம், அதே சிவப்பு வரி. உங்கள் கணக்கில் சந்தேகத்துக்குரிய நடமாட்டம் தெரிகிறது, இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் விவரங்களை உறுதிசெய்யாவிட்டால் கணக்கு முடக்கப்படும் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. உமாதேவி இரண்டு முறை வாசித்தாள். நேற்று மத்தியானம்தான் கேட்ட விவரம் எல்லாவற்றையும் கொடுத்திருந்தாள். கிடைத்தது என்று ஒரு வரி வந்திருந்தால் சரி. ஒன்றுமே நடக்காதது போல மறுபடியும் அதே கேள்வி எதற்கு?

"தம்பி, இங்கன கொஞ்சம் வாங்களேன்" என்று கூப்பிட்டாள்.

கோவில்பட்டி மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்தது அஃப்ஜலின் நெட் சென்டர். பிளைவுட் தடுப்புக்குள் ஆறு கம்ப்யூட்டர், ஒரு ஸ்கேனர், ஒரு பிரிண்டர். 2008ஆம் வருஷம் ஐப்பசி பிறந்த சனிக்கிழமை, மணி மூன்று. வெளியே காலையிலிருந்து விட்டுவிட்டுத் தூறிக்கொண்டிருந்தது. தீபாவளிக்கு ஒன்பது நாள் இருந்தது.

உமாதேவியின் கணவர் பூவனநாதனுக்கு எட்டயபுரம் ரோட்டில் ஒரு தீப்பெட்டி ஆபீஸ். மற்ற ஊர்க்காரர்கள் பேக்டரி என்பதை இந்தப் பக்கம் ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். நாற்பத்திரண்டு பெண்கள் வேலை பார்த்தார்கள். குச்சியைச் சட்டத்தில் அடுக்குவது, காய்ந்த குச்சியைப் பெட்டியில் அடைப்பது, லேபில் ஒட்டுவது எல்லாம் அவர்கள் கை. குச்சி முனையில் மருந்து முக்குவது மட்டும் பூவனநாதன்.

அந்த லேபிலில்தான் உமாதேவிக்கு ஒரு சின்ன வியாபாரம் பிறந்தது. தீப்பெட்டி லேபில் சேர்க்கிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள் என்று அஃப்ஜல்தான் ஒருநாள் காட்டினான். பீகாருக்குப் போகும் பெட்டிக்குத் தூக்கணாங்குருவி, குஜராத்துக்கு இரட்டைக் கெண்டை, அசாமுக்குச் சிவப்பு ரயில் என்று ஆபீஸில் லேபில் மிச்சம் கிடந்தது. நூறு தினுசு கொண்ட ஒரு கட்டுக்குப் பன்னிரண்டு டாலர் கொடுத்து பெல்ஜியத்தில் ஒரு வாத்தியார் வாங்கினார். பிறகு ஜப்பானில் ஒருவர், போலந்தில் இருவர். பணம் மணிஃபெரி என்ற கம்பெனி வழியாக வரும். வாங்குகிறவர் அவர்களிடம் கட்டுவார், அவர்கள் உமாதேவியின் கணக்கில் வைப்பார்கள், அவள் கேட்கும்போது கோவில்பட்டி பேங்குக்கு அனுப்புவார்கள். அதற்காகப் பேங்குக் கார்டை அதோடு சேர்த்து வைத்திருந்தாள். இரண்டு வருஷத்தில் ஆயிரத்து நூறு டாலர் சேர்ந்திருந்தது. குச்சி காயப்போடும் முற்றத்துக்குத் தகரம் போட வேண்டும் என்று எடுக்காமல் விட்டிருந்தாள்.

அஃப்ஜல் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான். திரையைப் பார்த்தான். சிரித்துக்கொண்டே வந்தவன் முகத்தில் சிரிப்பு நின்றுபோனது.

"எக்கா, இது எப்போ வந்துச்சு?"

"இது இப்போ. இதே மாதிரி நேத்தும் ஒண்ணு வந்துச்சு."

"நேத்து வந்ததுக்கு என்ன செஞ்சீங்க?"

"பதில் போட்டேன். நீங்க ஜும்மாவுக்குப் போயிருந்தீங்கள்லா, அப்போ. உங்க தங்கச்சிதான் ஸ்கேன் எடுத்துக் கொடுத்தா."

"ஸ்கேனா? என்னத்த எக்கா ஸ்கேன் எடுத்தீங்க?"

உமாதேவி விரலை மடக்கினாள். பாஸ்புக் முதல் பக்கம். பான் கார்டு. கையெழுத்து மாதிரி. ரேஷன் கார்டு. அதுபோக, கடிதத்தில் இருந்த நீல வரியை அழுத்தினால் ஒரு படிவம் வந்தது. அதில் மணிஃபெரி ரகசியச் சொல், பேங்குக் கார்டின் பதினாறு இலக்கம், பின்னால் உள்ள மூன்று இலக்கம், ஏடிஎம் ரகசிய எண், அம்மாவின் கல்யாணத்துக்கு முந்தைய பெயர் எல்லாம் கேட்டிருந்தது.

"ரேஷன் கார்டு அவன் கேட்டானா?"

"கேக்கல. இவியதான் அதையும் வைன்னு சொன்னாவ."

அது பூவனநாதனின் வழக்கம். 1994இல் கலால் ஆபீஸிலிருந்து ஒரு நோட்டீஸ் வந்தது. ஸ்டாக் கணக்கில் ஒரு சந்தேகம், ஏழு நாளில் பதில் சொல்ல வேண்டும் என்று இருந்தது. அதை மேசை டிராயரில் போட்டுவிட்டு மெழுகு வாங்க மதுரைக்குப் போய்விட்டார். ஒன்பதாம் நாள் குடோனுக்குச் சீல் வைத்தார்கள். கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஆனால் அதைக் காட்டிச் சீலை எடுக்க முப்பத்தெட்டு நாள் ஆயிற்று. நல்ல வெயில் மாசம், குச்சி நாலு மணி நேரத்தில் காயும் மாசம், அத்தனையும் போயிற்று. அன்றிலிருந்து நோட்டீஸ் என்று எது வந்தாலும் அன்றைக்கே பதில் போட்டுவிடுவார். கேட்ட தாளோடு கேட்காத தாளையும் சேர்த்து வைப்பார். அவன் அடுத்த கேள்வி கேட்பதற்குள் நாம் பதிலைக் கொடுத்துவிட வேண்டும் என்பார். இந்த வட்டாரத்தில் பாதி தீப்பெட்டி ஆபீஸ்காரர்கள் அப்படித்தான். நேற்றுக் காலையில் உமாதேவி கடிதத்தைப் பற்றிச் சொன்னபோது, "நம்ம பேரு நல்ல பேரு. ஒரே தடவையில எல்லாத்தையும் கொடுத்துரு" என்று கோப்பைக் கையில் கொடுத்து அனுப்பினார்.

அஃப்ஜல் நாற்காலியை அவள் பக்கம் திருப்பிக்கொண்டான். பிறகு மெதுவாகச் சொன்னான்.

"எக்கா, பதறாம கேளுங்க. இது மணிஃபெரி அனுப்பினது இல்ல."

"அவிய பேருதான போட்டிருக்கு."

"தபால் உறையில அனுப்புநர்னு ஒரு இடம் இருக்குல்லா. அங்கன யாரு பேரை எழுதினாலும் தபால்காரர் கேப்பாரா? இதுவும் அப்படித்தான். பேரை யாரும் எழுதிக்கிடலாம்."

"படம்?"

"படத்தை அவிய பக்கத்துல இருந்தே எடுத்து ஒட்டிக்கிடலாம். அஞ்சு நிமிஷ வேலை. நீங்க படத்தையே பாக்காதீங்க. இந்த நீல வரி இருக்குல்லா, இதை அழுத்தக் கூடாது. மவுஸை மட்டும் மேல கொண்டுபோய் நிறுத்துங்க. நிறுத்தியாச்சா? இப்போ திரைக்குக் கீழ, இடது மூலையில பாருங்க."

உமாதேவி குனிந்து பார்த்தாள். கடிதத்தில் மணிஃபெரி என்று இருந்த வரிக்கு, மூலையில் வெறும் எண்கள் வரிசையாகத் தெரிந்தன. மணிஃபெரி என்ற பெயரே அதில் எங்கும் இல்லை.

"மேல எழுதியிருக்கிறது ஒண்ணு. அழுத்தினா உங்களைக் கூட்டிட்டுப் போற இடம் வேற ஒண்ணு. அந்த இடம்தான் நிஜம். மேல இருக்கிறது ஒட்டின லேபில்."

அவளுக்குச் சட்டென்று பிடிபட்டது. நாலு வருஷத்துக்கு முன்னால் பாட்னாவில் தூக்கணாங்குருவிக்குப் போலிப் பெட்டி வந்தபோது, லேபிலைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பூதக்கண்ணாடியில் பார்த்தும் பூவனநாதனுக்கே வித்தியாசம் தெரியவில்லை. கடைசியில் லாரி ஆபீஸ் ரசீதைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தார்கள். பண்டல் ஏற்றப்பட்ட ஊர் வேறாக இருந்தது.

"இன்னொண்ணும் பாருங்க" என்றான் அஃப்ஜல். போன மாதம் மணிஃபெரியிலிருந்து வந்த பழைய கடிதம் ஒன்றைத் திறந்தான். திருமதி உமாதேவி பூவனநாதன் என்று தொடங்கியது. இன்னொன்று, அதுவும் அப்படியே. "அவியளுக்கு உங்க பேரு தெரியும். இவன் என்ன எழுதியிருக்கான்? அன்புள்ள வாடிக்கையாளரே. ஏன்னா இவனுக்கு நீங்க யாருன்னே தெரியாது. இதே லெட்டரை லட்சம் பேருக்கு அனுப்பியிருப்பான். லட்சத்துல மணிஃபெரியில கணக்கு வச்சிருக்கிறவிய நூறு பேரு இருப்பாவ. நூறுல பத்துப் பேரு பயந்து எழுதினாப் போதும் அவனுக்கு. அதுக்குத்தான் இருபத்து நாலு மணி நேரம்னு போடுதான். யோசிக்க விடக் கூடாதுல்லா."

"ரெண்டாவது லெட்டர் ஏன் போட்டான்? அதான் எல்லாம் கொடுத்துட்டனே."

"நீங்க கொடுத்தது அவன்கிட்ட ஒரு பக்கம் போய்ச் சேரும். அனுப்புற மிஷின் இன்னொரு பக்கம். அது பாட்டுக்கு எல்லாருக்கும் திரும்ப அனுப்புது."

அந்த நேரம் கரண்ட் போனது. சனிக்கிழமை மூன்று மணியிலிருந்து நாலு வரைக்கும் கட் என்பது ஊருக்கே தெரிந்த கணக்கு. அன்று பத்து நிமிஷம் தாமதமாகப் போயிற்று. மேசைக்கு அடியில் யுபிஎஸ் கூவத் தொடங்கியது.

"பேட்டரி பன்னெண்டு நிமிஷம் தாங்கும் எக்கா. மணிஃபெரிக்குள்ள போங்க. நான் டைப் அடிக்க மாட்டேன், நீங்களே அடிங்க. லெட்டர் வழியா போகாம, நேரா முகவரி போட்டுப் போங்க. ரகசியச் சொல்லை மாத்திருவோம்."

உமாதேவி அடித்தாள். தவறான ரகசியச் சொல் என்று வந்தது. அவசரத்தில் தப்பாக அடித்துவிட்டோம் என்று மறுபடி அடித்தாள். மறுபடியும் அதேதான். மூன்றாம் முறை ஒவ்வொரு எழுத்தாக, உதட்டை அசைத்துக்கொண்டே அடித்தாள்.

"மாத்திட்டான்" என்றான் அஃப்ஜல்.

டாலர் போனதுகூட அப்போது உமாதேவியின் மனதில் ஏறவில்லை. கார்டு. கார்டுக்குப் பின்னால் இருக்கிற பேங்குக் கணக்கு.

அந்தக் கணக்கில் இருந்தது அவள் பணம் இல்லை. ஆபீஸில் சனிக்கிழமை கூலி போடும்போது, பெண்கள் இருபதோ ஐம்பதோ உமாதேவியிடம் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். வீட்டுக்குக் கொண்டுபோனால் தங்காது. தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை மொத்தமாக வாங்கிக்கொள்வார்கள். துணிமணி, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடச் செலவு, கொஞ்சம் வெள்ளிக் கொலுசு, அடைமழைக்கு முன் கூரை மேய்வது எல்லாம் அதில்தான். வருஷம் முழுக்கச் சேர்ந்தது ஒரு லட்சத்துக்கு மேல் இருந்தது. பெட்டியில் வைத்தால் பயம் என்று பேங்கில் போட்டு வைத்திருந்தாள்.

"பேங்குக்குப் போவோம்."

"சனிக்கிழமை எக்கா. பன்னெண்டு மணிக்கே பூட்டியிருப்பான். திங்கக்கிழமைதான்."

"திங்கக்கிழமை வரைக்கும்?"

"போன் போட்டு கார்டை நிறுத்தலாம். கார்டுக்குப் பின்னால ஒரு நம்பர் இருக்கும். ராத்திரி பகல் எந்நேரமும் எடுப்பாவ. கார்டு எங்க?"

கார்டு ஆபீஸ் பீரோவில் இருந்தது. பூவனநாதனின் செல்போனுக்கு அஃப்ஜல் அடித்தான். மருந்து முக்கும் அறைக்குள் அவர் செல்போன் கொண்டுபோக மாட்டார். ஆபீஸ் லேண்ட்லைன் அடித்துக்கொண்டே இருந்தது.

அஃப்ஜல் தங்கையைக் கடையில் உட்கார வைத்துவிட்டு பைக்கை எடுத்தான். உமாதேவி பின்னால் ஏறிக்கொண்டாள். எட்டயபுரம் ரோட்டில் மூன்று கிலோமீட்டர் போய், இடது பக்கம் வண்டித்தடத்தில் திரும்ப வேண்டும். தார் ரோடு வரைக்கும் தொல்லையில்லை. தடத்தில் இறங்கி இருபது கஜம் போவதற்குள் சக்கரம் கரிசல் மண்ணை அள்ளத் தொடங்கியது. கரிசல் காய்ந்தால் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். நனைந்தால் மாவு பிசைந்தது போல ஆகிவிடும். சக்கரத்தில் ஒட்டியது மட்கார்டில் அப்பும், மட்கார்டில் அப்பியது சக்கரத்தைப் பிடிக்கும். பைக் நின்றுவிட்டது. அஃப்ஜல் குச்சி எடுத்து நோண்டினான். பத்தடி போனதும் மறுபடி நின்றது.

"வண்டி கெடக்கட்டும்" என்று உமாதேவி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தாள். அஃப்ஜலும் பைக்கைச் சாய்த்துவிட்டுப் பின்னால் வந்தான். ஒவ்வொரு அடிக்கும் கால் கனத்தது. உளுந்தங்காட்டு வரப்பில் ஏறி, மறுபடி இறங்கினாள். நடக்கிற ஒவ்வொரு நிமிஷமும் எங்கோ முகம் தெரியாத ஒருவன் விசையை அழுத்திக்கொண்டிருப்பான் என்று தோன்றியது. அவன் இந்த மண்ணில் நடக்க வேண்டியதில்லை.

ஆபீஸ் வாசலில் கூலி நாள் கூட்டம் நின்றது. தகரத்துக்கு அடியில் நெருக்கியடித்துக்கொண்டு, ஆளுக்கொரு தூக்குவாளியோடு நின்றார்கள். மழையில் குச்சி காயாததால் அன்றைக்கு அடைப்பு குறைவு, பேச்சு அதிகம்.

"எக்கா, என்ன கோலம் இது? நாத்து நடவா போயிருந்தீங்க?" என்றாள் இசக்கிச்செல்வி. அடைப்பில் அவளை மிஞ்ச ஆளில்லை. ஒரு கை அள்ளினால் ஒரு பெட்டி, குச்சியை எண்ணவே மாட்டாள், ஐம்பது சரியாக இருக்கும்.

உமாதேவி சிரிக்க முயன்றாள். வரவில்லை.

"அடுத்த சனிக்கிழமை தீபாவளிப் பணம் உண்டும்லா? தவணைத் துணிக்காரன் கேட்டுக்கிட்டே இருக்கான், அதான்."

"உண்டு."

"மொகம் ஏன் இப்படி இருக்கு?"

"மழையில வந்தேன்லா" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனாள்.

பூவனநாதன் கையில் மருந்துக் கறையோடு வந்தார். அஃப்ஜல் நாலு வாக்கியத்தில் சொன்னான். அவர் கறைக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"நோட்டீஸ் வந்தா பதில் போடுறது தப்பாலே?"

"பதில் போடுறது தப்பு இல்ல அண்ணாச்சி. கேட்டது யாருன்னு பாக்காம போட்டதுதான்."

"கலால்காரன்னா ஆளு வருவான், சீல் இருக்கும். இதுல எவன்கிட்டடே போய்க் கேக்க?"

உமாதேவி பீரோவைத் திறந்து கார்டை எடுத்து, பின்பக்கம் இருந்த எண்ணைப் பார்த்து, லேண்ட்லைனில் அழுத்தினாள். இந்திக்கு ஒன்று, ஆங்கிலத்துக்கு இரண்டு. கார்டு தொலைந்தால் மூன்று. ஒரு பாட்டு ஓடியது. சுவர்க் கடிகாரத்தில் மணி நாலு இருபது. பாட்டு முடிந்து மறுபடி தொடங்கியது. வெளியே பெண்கள் சிரிக்கும் சத்தம் கேட்டது.

ஒரு பெண் குரல் வந்தது. நல்ல மரியாதையான ஆங்கிலம். உமாதேவி விஷயத்தைச் சொன்னாள். சரி மேடம், சரிபார்ப்புக்காகச் சில விவரங்கள் வேண்டும் என்றது குரல். கார்டு எண் சொல்லுங்கள். பிறந்த தேதி சொல்லுங்கள். உங்கள் தாயாரின் பெயர் சொல்லுங்கள்.

உமாதேவி ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"தம்பி, இவளும் அதையேதான் கேக்குதா."

"எதை?"

"நேத்து லெட்டர்ல கேட்டதையே. கார்டு நம்பர், பிறந்த தேதி, அம்மா பேரு. இவ மட்டும் நிஜம்னு எப்படித் தெரியும்? இவளும் அந்தக் கூட்டம்னா?"

"வச்சிரு, வச்சிரு போனை" என்றார் பூவனநாதன். "ஒரு தடவை கொடுத்தது போதும்."

அஃப்ஜல் அவள் பக்கத்தில் வந்து குந்தினான். "எக்கா, நேத்து யாரு யாரைத் தேடி வந்தா?"

"அவன்தான் லெட்டர் போட்டான்."

"இன்னைக்கு?"

"நான்தான் போன் போட்டேன்."

"எந்த நம்பர்ல?"

"கார்டுல இருக்கிற நம்பர்."

"கார்டு யாரு கொடுத்தது?"

"பேங்குல, என் கையில கொடுத்தாவ."

"அவ்வளவுதான் எக்கா. கேள்வி ரெண்டு பேரும் ஒரே கேள்விதான் கேப்பாவ. குரலை வச்சும் சொல்ல முடியாது, இங்கிலீஷை வச்சும் சொல்ல முடியாது. வந்தவன்கிட்ட சொல்லக் கூடாது. நாம தேடிப் போனவகிட்ட சொல்லலாம். இந்த நம்பரை லெட்டர்ல இருந்து எடுத்திருந்தீங்கன்னா நானே போனைப் பிடுங்கியிருப்பேன். ஏடிஎம் எண்ணை மட்டும் அவளுக்கும் சொல்லாதீங்க. நிஜமான பேங்கு அதைக் கேக்காது. கேட்டா வச்சிருங்க."

ரிசீவருக்குள் அந்தக் குரல் மேடம், மேடம் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தது. உமாதேவி கையை எடுத்தாள். கார்டு எண்ணைச் சொன்னாள். பிறந்த தேதி சொன்னாள். அம்மாவின் பெயரையும் சொன்னாள். அந்தக் குரல் ஏடிஎம் எண்ணைக் கேட்கவில்லை. கேட்டால் உடனே வைத்துவிட அவள் இன்னொரு கையைப் போன் மேலேயே வைத்திருந்தாள்.

கார்டு நிறுத்தப்பட்டது என்று சொல்லி ஒரு புகார் எண்ணைக் கொடுத்தார்கள். மணி நாலு முப்பத்தொன்று. கடைசியாக நடந்த கணக்கை வாசிக்கச் சொன்னாள். காலை பதினொன்றே காலுக்கு நாற்பத்தொன்பது ரூபாய். மத்தியானம் ரெண்டே முக்காலுக்கு மூவாயிரத்துத் தொள்ளாயிரம். நாலு மணி எட்டு நிமிஷத்துக்குத் தொண்ணூறாயிரம், ஒருநாள் வரம்புக்கு மேல் என்பதால் மறுக்கப்பட்டது. நாலு பன்னிரண்டுக்கு இருபதாயிரம், போய்விட்டது.

நாலு பன்னிரண்டுக்கு அவள் உளுந்தங்காட்டில் நடந்துகொண்டிருந்தாள்.

"நாப்பத்தொன்பது ரூவாக்கு என்னத்த வாங்கினான்?" என்றார் பூவனநாதன்.

"ஒண்ணும் வாங்கல அண்ணாச்சி. கார்டு வேலை செய்யுதான்னு பாத்திருக்கான். நீங்க மருந்து முக்கினதும் ஒரு குச்சியை உரசிப் பாப்பீங்கள்லா, அப்படி. சின்னதாப் போனா யாரும் கவனிக்க மாட்டாவ. அப்புறம் கொஞ்சம் பெருசு. அப்புறம் மொத்தம். மொத்தத்துல வரம்பு தடுத்துச்சு, உடனே தொகையைக் குறைச்சுட்டான். நிறுத்தாம விட்டிருந்தா இன்னைக்கு இன்னும் கொஞ்சம் எடுத்திருப்பான், நாளைக்கு வரம்பு புதுசாத் தொடங்கியிருக்கும். திங்கக்கிழமை காலையில பேங்கு திறக்கையில ஒண்ணுமே இருந்திருக்காது."

மத்தியானம் கொண்டுவந்த கம்பஞ்சோறும் கருவாட்டுக் குழம்பும் அடுக்குப்பாத்திரத்தில் திறக்காமலே இருந்தன. வெளியே இசக்கிச்செல்வி கதவைத் தட்டினாள். "எக்கா, பஸ்ஸுக்கு நேரமாச்சு. கூலி போடுதீங்களா, மழை விடட்டும்னு இருக்கீங்களா?"

உமாதேவி முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்க் கூலி போட்டாள். வழக்கம் போல ஒவ்வொருத்தியும் இருபது, ஐம்பது என்று திருப்பிக் கொடுத்தார்கள். அடுத்த வாரம் முழுசாக வாங்கப்போகும் தெம்பில் சிலர் நூறுகூடக் கொடுத்தார்கள். அவள் வாங்கினாள். வாங்காவிட்டால் ஏன் என்று கேட்பார்கள். ஒவ்வொரு நோட்டையும் தொடும்போது திருடியது போல இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கணவன் மனைவி இருவரும் ஏடிஎம் பக்கம்கூடப் போகவில்லை. அதைத் தொட்டால் இன்னும் ஏதாவது திறந்துகொள்ளும் போல ஒரு பயம். தொலைபேசி மணி அடித்தபோதெல்லாம் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பூவனநாதன் ஸ்கேன் எடுத்த தாள்களை ஒவ்வொன்றாகச் சொல்லிச் சொல்லிப் பார்த்தார். பான் கார்டு, கையெழுத்து, ரேஷன் கார்டு. கார்டை நிறுத்தலாம். கையெழுத்தை எப்படி நிறுத்துவது?

"அதை வச்சு என்னடே செய்வான்?" என்று அஃப்ஜலுக்குப் போன் போட்டுக் கேட்டார்.

"தெரியல அண்ணாச்சி" என்றான் அவன். எதையும் விளக்கிவிடுகிறவன் அப்படிச் சொன்னது அவருக்கு இன்னும் பயமாக இருந்தது.

திங்கட்கிழமை பேங்கில் எழுதிக் கொடுத்தார்கள். விசாரணை மாதக்கணக்கில் ஆகும், வரலாம், வராமலும் போகலாம் என்றார் மேனேஜர். போலீஸ் ஸ்டேஷனிலும் ஒரு மனு. மணிஃபெரிக்கு அஃப்ஜல் எழுதினான். கணக்கில் டாலர் ஒன்றுமில்லை, யாரோ சனிக்கிழமை அதிகாலையிலேயே எடுத்திருக்கிறார்கள் என்று பதில் வந்தது. அந்தப் பதிலை உமாதேவி திறக்கவே மாட்டேன் என்றாள். அஃப்ஜல் அடியில் மூலையைக் காட்டி, அவள் பெயரைக் காட்டி, பத்து நிமிஷம் பேசிய பிறகுதான் வாசித்தாள்.

பேங்கில் மீதியிருந்ததை ரொக்கமாக எடுத்தார்கள். குறைந்த இருபத்து நாலாயிரத்தை, மெழுகு வாங்க வைத்திருந்ததிலிருந்து பூவனநாதன் போட்டார்.

"முழுசாக் கொடுத்துருவோம். அவ்வளவுதான். யாருக்கும் ஒண்ணும் குறையல. வாயைத் திறக்காத" என்றார்.

"அவளுக பணம் போகப் பாத்துச்சுன்னு அவளுகளுக்குத் தெரிய வேண்டாமா?"

"தெரிஞ்சு என்ன ஆகப்போவுது? பயம்தான் வரும்."

"எனக்கு வந்துச்சுல்லா. அவளுக பணத்துக்கு நான் மட்டும் பயந்துக்கிட்டு இருக்கவா?"

"வேண்டாம்னா கேளுட்டி."

அவள் கேட்கவில்லை. சனிக்கிழமை மூன்று மணிக்கு எல்லோருக்கும் கணக்குத் தீர்த்துக் கொடுத்த பிறகு, எழுந்து நின்று நடந்தது முழுவதையும் சொன்னாள். தானே விவரம் கொடுத்ததையும், உளுந்தங்காட்டில் நடந்ததையும், போன சனிக்கிழமை அவர்களிடம் பணம் வாங்கும்போது சொல்லாமல் இருந்ததையும் சொன்னாள். பெண்கள் கையில் நோட்டோடு கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி தன் நோட்டை மறுபடி எண்ணினாள். பிறகு எல்லோரும் பஸ்ஸுக்குப் போனார்கள்.

தீபாவளி கழிந்து ஆபீஸ் திறந்தது. முதல் சனிக்கிழமை உமாதேவி அடுத்த தீபாவளிச் சேமிப்புக்காகப் புது நோட்டில் நாற்பத்திரண்டு பெயரும் எழுதிக் கோடு போட்டு வைத்திருந்தாள். கூலி போட்டாள். ஒவ்வொருத்தியும் வாங்கினாள், எண்ணினாள், "வாரேன்க்கா" என்று சொல்லிவிட்டு இறங்கினாள். பத்துப் பேர் போனார்கள், இருபது பேர் போனார்கள். கோடு போட்ட பக்கம் அப்படியே இருந்தது.

கடைசியாக இசக்கிச்செல்வி வந்தாள். கூலியை வாங்கிவிட்டு, போகாமல் நின்றாள்.

"கோவிச்சுக்கிடாதீங்க எக்கா."

"கோவம் இல்லட்டி."

"நீங்க சொல்லாம இருந்திருந்தா எல்லாரும் கொடுத்திருப்பாளுக."

"தெரியும்."

"அந்தக் கள்ள லெட்டர் எப்படி இருக்கும்? வச்சிருக்கீங்களா?"

போலீஸ் மனுவுக்காக அஃப்ஜல் எடுத்துக் கொடுத்த பிரிண்ட் ஒன்று பீரோவில் இருந்தது. உமாதேவி எடுத்து விரித்தாள். இசக்கிச்செல்வி எட்டாவது வரை படித்தவள். ஆங்கிலம் எழுத்துக் கூட்டுவாள். நீலத் தலைப்பை விரலால் தடவினாள். தோணிப் படத்தைப் பார்த்தாள். சிவப்பு வரியில் என்ன இருக்கிறது என்று கேட்டாள். உமாதேவி சொன்னாள். மூலையில் எதைப் பார்க்க வேண்டும், பெயரை எங்கே தேட வேண்டும், யார் யாரைத் தேடி வந்தார்கள் என்று எப்படி யோசிக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். சொல்லச் சொல்ல அவளுக்கே தெளிவாக இருந்தது. இசக்கிச்செல்வி நடுவில் இரண்டு கேள்வி கேட்டாள், இரண்டும் நல்ல கேள்விகள். எல்லாம் புரிந்துவிட்டது என்பது அவள் முகத்தில் தெரிந்தது.

தாளைத் திருப்பிக் கொடுத்தாள்.

"பேங்குல இருந்து வந்த மாதிரியேதான் இருக்கு. நானா இருந்தாலும் எழுதிக் கொடுத்திருப்பேன் எக்கா."

உமாதேவிக்கு அந்த வார்த்தை இரண்டு வாரமாகத் தேவைப்பட்டிருந்தது. பேனாவைக் கையில் எடுத்தாள். "அப்போ?"

"அதனாலதான் எக்கா பயமா இருக்கு."

கூலியைச் சுருட்டிச் சுருக்குப்பைக்குள் போட்டு, பையை இடுப்பில் செருகிக்கொண்டாள். தூக்குவாளியை எடுத்துக்கொண்டு படி இறங்கி, மற்றவர்கள் நின்றுகொண்டிருந்த பஸ் நிறுத்தத்தைப் பார்த்து வேகமாக நடந்தாள்.